அஞ்சுநாட்டுக் கல்வீடுகள்! காந்தலூருக்கு ஒரு நாள் பயணம்

ஸ்பெயின் நாட்டின் தெற்கே, மலாகா மாவட்டத்தில், அந்தெக்கெரா என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. வெள்ளைச் சுவர் வீடுகள், குன்றின் மேல் ஒரு கோட்டை. முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட ஊர் அது. 1410-ம் ஆண்டில் கிறிஸ்தவப் படை அதைப் பிடித்தது.

கடற்கரை நகரமான மலாகாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், ஒரு நாளை ஒதுக்கி அந்தெக்கெராவுக்கும் போய் வருகிறார்கள். மாட்ரிட் நகரில் இருந்து வரும் அதிவேக ரெயில் ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

கோட்டையைப் பார்க்க மட்டும் அல்ல. ஊர் ஓரத்தில் மண்மேட்டுக்குள் இருக்கும் கல்வீடுகளைப் பார்க்கவும்தான் இத்தனை கூட்டம்!

மென்கா, வியேரா, ரொமெரால் என்று மூன்று கல்வீடுகள். மூன்றிலும் பெரியது மென்கா. கட்டி 5,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் கூரையில் கிடக்கும் ஒரே ஒரு கல்லின் எடை சுமார் 150 டன். நமது ரெயில்வேயில் ஒரு பெரிய சரக்கு வேகன் ஏற்றும் சுமை சுமார் 60 டன்தான். அப்படியானால் அந்த ஒரு கல்லை ஏற்ற இரண்டரை வேகன் வேண்டும்! கிரேனும் இல்லாத, இரும்பும் தெரியாத காலத்தில் அதை இழுத்து வந்து தூக்கி வைத்து இருக்கிறார்கள்.

மென்காவை அந்த நாட்டு அரசு 1886-ம் ஆண்டிலேயே தேசியச் சின்னம் ஆக்கியது. வியேரா சகோதரர்கள் இரண்டு பேர் 1903-ல் ஒன்றையும், மறு ஆண்டில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். 2016-ல் ஐ.நா. சபையின் யுனெஸ்கோ நிறுவனம், மூன்றையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வளவும் எதற்கு?

கல்லை நிறுத்தி, கல்லையே கூரையாகப் போட்ட வீடுகள் நம் பக்கத்திலும் இருக்கின்றன. அளவில் சிறியவை. ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். உடுமலைப்பேட்டைக்கு மேலே, மலை ஏறினால் வரும் மறையூரிலும் காந்தலூரிலும் பாறைக்குப் பாறை நிற்கின்றன. பார்க்க விசாவும் வேண்டாம், விமானமும் வேண்டாம். ஒரு நாள் லீவு போதும்.

போகும் வழி

காந்தலூர், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் தாலுகாவில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5 ஆயிரம் அடி உயரம். மூணாறு வழியாகவும் வரலாம். ஆனால் உடுமலைப்பேட்டை வழிதான் சுவையான வழி.

பாலக்காடு - திண்டுக்கல் பாதையில் உடுமலைப்பேட்டை ரெயில் நிலையம் இருக்கிறது. மீட்டர் கேஜாக இருந்து, அகலப்பாதை ஆன வழி. திருவனந்தபுரத்தில் இருந்து மதுரைப் பக்கம் போகும் அம்ருதா எக்ஸ்பிரசில் இரவு ஏறினால், காலையில் உடுமலைப்பேட்டையில் இறங்கலாம். அங்கே மூணாறு பஸ் பிடித்தால் மறையூர். மறையூரில் இருந்து காந்தலூருக்குச் சுமார் 15 கி.மீட்டர். பஸ் உண்டு. ஜீப்பும் உண்டு.

உடுமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அமராவதி அணைப் பக்கம் பிரியும் பாதை. அதன் பிறகு காடு. ஒன்பதாறு சோதனைச் சாவடியில் தமிழ்நாட்டு வனத்துறையினர் வண்டியைப் பார்ப்பார்கள். சின்னாறு பாலம் தாண்டினால் கேரளம். அங்கேயும் ஒரு சாவடி.

சின்னாறு காடு 1984-ல் சரணாலயம் ஆயிற்று. 90 சதுர கி.மீட்டர் பரப்பு. கேரளம் என்றாலே பச்சை என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். எங்கே பார்த்தாலும் முள் மரம், கள்ளி, காய்ந்த பாறை! மூணாறில் கொட்டித் தீர்க்கும் ஆனி, ஆடி மழையை உயர்ந்த மலைச்சுவர் தடுத்துவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது ஐப்பசி, கார்த்திகை மழைதான். வானம்கூட தமிழ்நாட்டோடு சேர்ந்துதான் இங்கே மழை பெய்கிறது!

யானை குறுக்கே வரும் பாதை இது. மாலைப் பொழுதுக்கு முன்பே சாவடியைக் கடந்துவிடுவது நல்லது. வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் ஆசையும் இங்கே வேண்டாம்.

முனியறை

மறையூரில் முதலில் கண்ணில் படுவது சந்தனக் காடு. கம்பி வேலி, காவல், விளக்கு. கேரளத்தில் இயற்கையாகச் சந்தனம் விளையும் காடு இதுதான். கட்டைகளை வனத்துறையே ஏலம் விடுகிறது. கடத்தல்காரர்களின் கதை தனிக்கதை.

இரண்டாவது, வெல்லம். கரும்புத் தோட்டத்துக்கு நடுவே ஆலைக் கொட்டகை. பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கிறது. அடுப்பில் எரிவது அதே கரும்பின் சக்கை. பாகு பதமானதும் மரப்பலகையில் ஊற்றி, சூடு ஆறும் முன்பு கையாலேயே உருட்டி விடுகிறார்கள். உருண்டையில் விரல் பதிந்த தடம் இருக்கும். மறையூர் வெல்லத்துக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வெளியூர் வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது உழவர்களின் நெடுநாள் புகார். வாங்குகிறவர்கள், கடையில் வாங்காமல் கொட்டகையில் நின்று வாங்கினால் கவலை இல்லை.

மூன்றாவதுதான் முனியறை.

அரசு உயர்நிலைப் பள்ளியை அடுத்த பாறைக் குன்றில் ஏறினால் போதும். பாம்பாற்றின் கரையில் கோவில்கடவு பக்கமும் இருக்கின்றன. நான்கு பக்கமும் நான்கு பலகைக் கற்கள். மேலே மூடியாக ஒரு பெரிய கல். அவ்வளவுதான். சுண்ணாம்பு இல்லை, மண் சாந்து இல்லை. கல்லின் எடையே கல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. உள்ளே ஓர் ஆள் குனிந்து உட்காரலாம்.

முனிவர்கள் தவம் செய்த அறை என்று மக்கள் நம்புகிறார்கள். அதனால் முனியறை. வனவாசம் போன பாண்டவர்கள் மறைந்து இருந்த ஊர் என்பதால் மறையூர் என்றும் ஒரு கதை உண்டு.

தொல்பொருள் அறிஞர்கள் சொல்வது வேறு. இவை இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்ட ஈமச் சின்னங்கள். இரும்பு வழக்கத்துக்கு வந்த காலத்தவை. ஏறக்குறைய 2 ஆயிரம் முதல் 3 ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை. இதே மலைத்தொடரின் மறுபக்கம், கொடைக்கானல், தாண்டிக்குடி பக்கத்திலும் இவை உண்டு. ஆங்கிலேட் என்ற பிரெஞ்சு பாதிரியாரும் நியூட்டன் என்ற பாதிரியாரும் பழனிமலைக் கல்வீடுகளை ஆராய்ந்து எழுதிய நூலை, மத்திய தொல்பொருள் துறை 1928-ல் வெளியிட்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தெக்கெரா கற்களுக்கும் மறையூர் கற்களுக்கும் இடையே 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அவர்கள் இங்கே வந்து கட்டினார்கள், இங்கிருந்து போய் அங்கே கட்டினார்கள் என்று யாராவது கதை விட்டால் நம்ப வேண்டாம். செத்தவனை மறக்கக்கூடாது என்று நினைத்த மனிதனுக்கு, கையில் கிடைத்தது கல். எந்தச் சீமையாக இருந்தால் என்ன?

உடையும் கற்கள்

முனியறைகளைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகக் கேரளத் தொல்பொருள் துறை அறிவித்து இருக்கிறது. ஆனால் பாறை மேல் நடந்து பார்க்கிறவனுக்கு, பாதுகாப்பு எங்கே என்ற கேள்விதான் வருகிறது.

முழுசாக நிற்பவை சில. மூடி சரிந்தவை பல. பக்கத்துக் கல் இரண்டாகப் பிளந்து கிடப்பவை இன்னும் பல. வேலிக்கும் சுவருக்கும் கல் தேவைப்பட்டபோது எடுத்துப் போனவர்கள் உண்டு. நிலத்தைத் திருத்தும்போது புரட்டித் தள்ளியவர்களும் உண்டு. காய்ந்த புல்லில் தீப் பிடித்தால், சூட்டில் கல் வெடிக்கும்.

இப்போது வந்து இருப்பது செல்போன்! மூடிக்கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுத்தால்தான் சிலருக்கு மலைக்கு வந்த திருப்தி. கல்லில் பெயிண்டால் தன் பெயரையும், தன்னோடு வந்தவளின் பெயரையும் எழுதுகிற காதலர்களும் குறைவு இல்லை. அந்தெக்கெராவிலும் காதலர் பாறை என்று ஒரு மலை இருக்கிறது. மூரிஷ் இனப் பெண்ணும் கிறிஸ்தவ இளைஞனும் அங்கிருந்து குதித்து உயிர் விட்டார்களாம். மென்கா கல்வீட்டின் வாசலே அந்த மலையைப் பார்த்துத்தான் வைக்கப்பட்டு இருக்கிறது. அந்தக் கற்களில் பெயர் எழுதினால் வழக்கு வரும். இங்கே எழுதினால் மறுநாள் அடுத்த பெயர் வருகிறது!

சாமி கும்பிடுகிற கல் என்றால் நம் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். முப்பாட்டன் சமாதிக்கு அந்த மரியாதை கிடையாதா?

காந்தலூர்

கோவில்கடவில் பாம்பாற்றின் கரையில் தென்காசிநாதர் கோவில். அதைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால், வளைவுக்கு வளைவு குளிர் கூடுகிறது. கரும்பு மறைந்து, படிப்படியாக வெட்டிய காய்கறி வயல்கள் வருகின்றன. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். ஓணம் சமயத்தில் மலையாள நாட்டு இலையில் விழும் காய்கறியில் இந்த மலைக்குப் பங்கு உண்டு.

பழத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆப்பிள், ஆரஞ்சு, பிளம்ஸ், பீச், ஸ்டிராபெர்ரி, பேஷன் பழம், மரத்தக்காளி என்று தோட்டம் தோட்டமாக இருக்கிறது. ஆப்பிள் பழுப்பது ஆடி, ஆவணியில். அப்போது போனால் மரத்தில் தொங்கும் பழத்தைக் கண்ணால் பார்க்கலாம். காஷ்மீர் ஆப்பிளின் சிவப்பை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. கொஞ்சம் புளிப்பு. ஆனால் மெழுகு பூசாத பழம்.

பெயர் பெற்றது பூண்டுதான். சின்னப் பல், கடுமையான காரம். காந்தலூர் - வட்டவடைப் பூண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லேயே வந்துவிட்டது. இந்த மலைப் பூண்டு தேனி மாவட்டம் வடுகபட்டி சந்தைக்குத்தான் போகிறது. விளைவது கேரளத்தில், விலை போவது தமிழ்நாட்டில்!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த ஊர் அல்ல. அது தெற்கே, திருவனந்தபுரம் பக்கம் என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. இந்தக் காந்தலூருக்குச் சோழன் வந்ததாக விளம்பரப் பலகை யாராவது வைத்தால் அது பொய்.

அஞ்சுநாடு

சோழன் வராவிட்டால் என்ன? ஊருக்கு அதன் கதை இருக்கிறது.

மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி. இந்த ஐந்து ஊரும் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைச் சீமையில் படையெடுப்பும் குழப்பமும் நேர்ந்த ஒரு காலத்தில், குடும்பம் குடும்பமாக மலை ஏறி வந்தவர்களின் வாரிசுகள் இவர்கள் என்பது வாய்வழி வரலாறு. வந்தவர்களுக்குள் பல பிரிவு. இனி நாம் ஒரு மக்கள், ஒருவரை ஒருவர் கைவிடமாட்டோம் என்று பாலைத் தொட்டுச் சத்தியம் செய்து ஐந்து ஊராகக் குடியேறினார்களாம்.

காட்டுக்குள் வாழும் முதுவர்களும் மதுரையைத்தான் சொல்கிறார்கள். தெய்வச் சிலையை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்பது அவர்களிடம் வழங்கும் கதை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவனுக்கு, வந்த ஊர் பழகிவிட்டாலும் புறப்பட்ட ஊரின் பெயர் மட்டும் தலைமுறை தாண்டியும் மறப்பது இல்லை. பம்பாயில் மூன்று தலைமுறையாக இருப்பவர், சொந்த ஊர் திருநெல்வேலி என்று சொல்கிறார் அல்லவா? அதே கதைதான்.

அஞ்சுநாடு பூஞ்சாறு அரசர்களின் ஆளுகையில் இருந்தது. அவர்களும் பாண்டிய மரபு என்று சொல்லிக்கொண்டவர்கள். 1877-ம் ஆண்டில் அவர்கள்தான் மலையை மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குப் பாட்டத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்தில் மலையின் பெயர் கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை. கண்ணன் தேவன் என்பவர் அஞ்சுநாட்டுப் பெரிய குடியானவர் என்பது மலை மக்கள் வழக்கு. டீக்கடையில் தினமும் பார்க்கும் பாக்கெட்டில் உள்ள பெயர், இந்தப் பள்ளத்தாக்கில் இருந்து போனது!

தேயிலைக்காக வெள்ளைக்காரர்கள் மூணாறில் ரெயிலே விட்டார்கள். 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்தது. 1908-ல் அதை இரண்டு அடி அகலப் பாதையாக்கி என்ஜின் ஓட்டினார்கள். 1924 வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு மலையில் ரெயில் கிடையாது.

1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது, கன்னியாகுமரிப் பக்கத்து நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் அதன் தலைவர் நேசமணியும் போராடியும் கிடைக்கவில்லை. அதனால் காந்தலூர்க்காரர் வீட்டிலும் வயலிலும் தமிழ் பேசுகிறார். கச்சேரிக்கு மனு எழுத மலையாளம் தெரிந்தவரைத் தேடுகிறார். இளையவர்களுக்கு இரண்டும் சரளம். வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. ஒரே வேறுபாடு, காந்தலூர்க்காரர் எங்கும் போகவில்லை. எல்லைக்கோடுதான் அவரைத் தாண்டிப் போனது.

பழைய தெரு

வந்தவர்கள் பெரும்பாலும் பழத்தோட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள். பழைய ஊருக்குள் ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். வீட்டோடு வீடு ஒட்டி, ஆள் நடக்க மட்டும் சந்து விட்டு, குளிருக்கும் காட்டு விலங்குக்கும் பயந்து கூடி நிற்கும் தெருக்கள். வாசலில் காயும் பூண்டு. "எந்த ஊருங்க?" என்று கேட்காத கிழவி இல்லை. ஊர் பெயரைச் சொன்னால், அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த பேத்தியைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

ஓடு போன இடத்தில் தகரமும், தகரம் போன இடத்தில் கான்கிரீட்டும் வந்துகொண்டு இருக்கின்றன. அதைக் குறை சொல்ல முடியாது. மழையில் ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவரிடம், பழமையைக் காப்பாற்று என்று சொல்ல வந்தவனுக்கு என்ன உரிமை?

ஆனால் வயல்? மத்திய சுற்றுலா அமைச்சகம் நடத்திய சிறந்த சுற்றுலா கிராமப் போட்டியில் 2023-ல் காந்தலூர் தங்க விருது பெற்றது. பெண்கள் பயமின்றி வந்து போகும்படி ஊர் மக்களையே பங்காளிகளாக்கிச் செய்த வேலை அதற்கு ஒரு காரணம். பெருமைதான். விருதுக்குப் பிறகு கூட்டம் கூடியது. படிவயலில் பூண்டு போட்டுக் கிடைப்பதைவிட, அதில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கிறார்கள். காட்டு யானையும் பன்றியும் வெள்ளாமையை அழித்தால், அந்தக் கணக்கு இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும்.

தண்ணீரும் ஒரு கவலை. ஒரு காலத்தில் காகித ஆலைக்கும் நூல் ஆலைக்கும் கட்டை விற்கலாம் என்று, கிராண்டிஸ் என்னும் தைல மரத்தை மலை முழுக்க நட்டார்கள். மரம் வளர்ந்தது, ஊற்று வற்றியது என்கிறார்கள் உழவர்கள். மரத்தை வெட்டி அகற்றும் வேலை நடந்து வருகிறது.

இந்தத் தண்ணீர் நமக்கும் சம்பந்தம் உள்ளது. கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று. கபினி, பவானி, பாம்பாறு. காந்தலூர் மலையில் விழும் மழை பாம்பாற்றில் இறங்கி, சின்னாறோடு சேர்ந்து, 1957-ல் கட்டிய அமராவதி அணையில் நிறைகிறது. 90 அடி உயரம், 4 டி.எம்.சி. கொள்ளளவு. உடுமலை, தாராபுரம், கரூர் வயல்களுக்கு அதுதான் தண்ணீர். 2007-ல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில், பாம்பாற்றின் பங்கு 3 டி.எம்.சி. மேலே ஊற்று வற்றினால் கீழே ஆயக்கட்டு காயும். யார் மாநிலம் என்று தண்ணீர் பார்ப்பது இல்லை.

கவனத்துக்கு

ஒரே நாளில் திரும்ப நினைப்பவர்கள், மறையூர் முனியறையைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். பகல் 11 மணிக்கு மேல் பாறை கொதிக்கும். பிறகு காந்தலூர் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் குளிர்ந்த இடம். ஆப்பிள் மாதம் என்றால் கூட்டம் இருக்கும். ஜீப் வாடகையை ஏறும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். மார்கழி, தையில் கம்பளி இல்லாமல் போகக்கூடாது. மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்து 2030-ல்.

முனியறைக்குள் குழந்தைகள் நுழைந்து பார்க்க ஆசைப்படுவார்கள். பக்கத்துக் கற்கள் சரிந்து நிற்கின்றன. வெளியே நின்று பார்ப்பதே நல்லது. மாலை பஸ்சுக்கு மறையூரில் நேரத்தோடு வந்து நிற்க வேண்டும். சின்னாறு சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் கோபப்பட வேண்டாம். அவர்கள் தேடுவது சந்தனக் கட்டையை. வெல்லமும் பூண்டும் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.